ஏற்காட்டு மழை எந்தக் கரை சேரும்?

வாசகர் கேள்விகள், புவியியல் டீச்சர் பதில்கள்

போன இதழில் ஏரி வண்டலைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆற்றைப் பற்றியவை. மலையில் தொடங்கிக் கடலில் சேரும்வரை ஆறு நிலத்தை என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கரையில் நின்றபடி கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுக்க ஆறுதான்.

வேலைக் காலம் முழுக்கச் சேலத்து அரசுப் பள்ளிகளில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். வரைபடத்தில் ஆறு ஒரு நீலக் கோடாகத்தான் இருக்கும். அந்தக் கோட்டுக்குள் தண்ணீரோடு கல்லும் மணலும் களிமண்ணும் நகர்கின்றன என்பதைப் பிள்ளைகள் மனதில் ஏற்றுவதற்குத்தான் எப்போதும் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும். இன்றைய பதில்களும் அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஆற்றைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஏற்காட்டில் பெய்யும் மழை எல்லாம் காவிரிக்குத்தானே போகிறது? அப்படியென்றால் ஏற்காட்டையும் காவிரியின் பிறப்பிடம் என்று சொல்லலாமா?
வாசகி, அஸ்தம்பட்டி

எல்லாம் போவதில்லை அம்மா. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் தெற்கிலும் மேற்கிலும் இறங்கும் தண்ணீர்தான் காவிரிக்குப் போகிறது. ஒரு பங்கு திருமணிமுத்தாறாகச் சேலம் நகரத்துக்குள் புகுந்து, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலை ஒட்டி ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் விழுகிறது. இன்னொரு பங்கு சரபங்கா நதியாக ஓமலூர், எடப்பாடி வழியாகப் போகிறது. மலையின் வடகிழக்குப் பக்கம் கதையே வேறு. அங்கே இறங்கும் தண்ணீர் வாணியாறாகப் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போய், தென்பெண்ணையில் கலந்து, கடலூரில் வங்கக் கடலைத் தொடுகிறது. ஒரே மேகம், ஒரே காபித் தோட்டம். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி டெல்டாவுக்குப் போகும், அந்தப் பக்கம் விழுந்தது கடலூருக்குப் போகும். இப்படித் தண்ணீரைப் பங்கு போடும் மேட்டைத்தான் நீர்பிரி முகடு என்கிறோம்.

காவிரியின் பிறப்பிடமாகக் குடகில், பிரம்மகிரி மலையில் உள்ள தலைக்காவிரியைக் கும்பிடுகிறோம். கும்பிட வேண்டிய இடம்தான். ஆனால் கணக்கென்று பார்த்தால் ஓர் ஆற்றுக்கு ஆயிரக்கணக்கான பிறப்பிடங்கள் உண்டு. கபினி, பவானி, அமராவதி, நம் திருமணிமுத்தாறு என்று எல்லாவற்றின் தலைமாட்டு ஓடைகளும் சேர்ந்துதான் காவிரி. ஏற்காடும் அதில் ஒன்று என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓடை தொடங்கும் இடம் ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை. அங்கே மண் சரியச் சரிய, ஓடையின் தலை கொஞ்சம் கொஞ்சமாக மலைமேல் பின்னோக்கி ஏறும். முகட்டின் இரண்டு பக்கமும் இந்த வேலை நடக்கிறது. எந்தப் பக்கம் அரிப்பு அதிகமோ, முகடு அதற்கு எதிர்ப்பக்கம் நகரும். நாளடைவில் ஒரு பக்கத்து ஓடை அடுத்த பக்கத்து ஓடையின் தலையையே வெட்டி, அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு.

கிளியூர் அருவிக்குக் கீழே ஓடையில் ஆள் உயரக் கற்கள் கிடக்கின்றன. கோடையில் அந்த ஓடையைச் செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம். இவ்வளவு பெரிய கல்லையா இந்தத் தண்ணீர் உருட்டியது?
ஐடிஐ மாணவர், கொண்டலாம்பட்டி

கோடைத் தண்ணீரைப் பார்த்து ஆற்றின் பலத்தை எடை போடாதீர்கள் தம்பி. ஆறு வருடம் முழுக்க ஓடினாலும், நிலத்தை மாற்றும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது சில வெள்ள நாட்களில்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது புரட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்காவதில்லை. ஏறத்தாழ 64 மடங்காகிறது. மற்ற நாளில் ஒரு கிலோ கல்லை நகர்த்தவே திணறும் ஓடை, வேகம் இரட்டிக்கும் இரவில் 64 கிலோ கல்லைப் புரட்டும். இன்னும் ஒரு மடங்கு ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நாளில், அந்த உபரித் தண்ணீர் கிளியூரில் ஏறக்குறைய 300 அடி விழுகிறது. அந்த நாளில் ஓடைக்குள் கல்லோடு கல் மோதும் சத்தம் கரையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்.

ஆனால் நீங்கள் பார்த்த எல்லாக் கல்லையும் தண்ணீர்தான் கொண்டுவந்தது என்றும் சொல்ல முடியாது. சில கற்கள் பக்கத்துச் சரிவிலிருந்து தானாகவே உருண்டு விழுந்தவை. எது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள விளிம்பைத் தடவிப் பாருங்கள். முனை கூராக இருந்தால் அது அண்மையில் சரிந்து விழுந்தது. முனை மழுங்கியிருந்தால் தண்ணீரில் அடிபட்டு நாளானது.

நம் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற கருமையான பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. சுத்தியலால் தட்டினால் கணீரென்கும். இத்தனை கெட்டியான கல்லையும் மழைநீர் விடுவதில்லை. வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கி, யுகக்கணக்கில் ஊறவைத்து, மக்க வைத்துவிடுகிறது. சேர்வராயன் மலை உச்சிகளில் பாக்சைட் கிடைப்பது அப்படித்தான். பாறையிலிருந்த மற்ற தாதுக்களை மழைநீர் கரைத்துக்கொண்டு போய்விட, அலுமினியம் மிகுந்த மிச்சம் அங்கேயே தங்கிவிட்டது. ஆகவே மலையை வெட்டுவதில் பாதி வேலையை ஆறு தொடுவதற்கு முன்பே வெயிலும் மழையும் மரவேரும் முடித்துவிடுகின்றன. அப்படி மக்கிய செம்மண்ணை அள்ளிக்கொண்டு போவதுதான் ஓடையின் அன்றாட வேலை. ஐப்பசி மழையில் அடிவாரத்து ஓடைகள் செக்கச்செவேலென்று வருவதைப் பார்த்திருப்பீர்களே, அது சேர்வராயன் மலை கரைந்து கீழே இறங்கி வருவதுதான்.

ஒகேனக்கல்லில் பாறைமேல் வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கின்றன. யாராவது செதுக்கியதா?
வாசகர், தாரமங்கலம்

மனிதக் கை பட்டதல்ல. பாறையில் முதலில் ஒரு சின்னப் பள்ளம் இருந்திருக்கும். வெள்ளத்தில் வந்த கூழாங்கல் ஒன்று அதில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் சுழித்துச் சுழித்து அந்தக் கல்லையும் சேர்த்துச் சுற்றும். சுற்றுகிற கல் பாறையைத் தேய்க்கும், தானும் தேயும். அது தேய்ந்து மணலாகிப் போனதும் அடுத்த வெள்ளம் வேறொரு கல்லைக் கொண்டுவந்து போடும். இப்படி உண்டானதைப் பாடப்புத்தகத்தில் குடக்குழி என்று படித்திருப்பீர்கள். தண்ணீர் வற்றிய நாளில் குழிக்குள் எட்டிப் பார்த்தால், வழவழப்பான உருண்டைக் கற்கள் அடியில் கிடக்கும். செதுக்கிய உளி அவைதான். வெறும் தண்ணீர் மட்டும் ஓடினால் கெட்டிப் பாறையில் இப்படிக் குழி விழ எத்தனையோ மடங்கு காலம் பிடிக்கும்.

‘மலையில் ஆறு வேகமாக ஓடும், சமவெளியில் மெதுவாக ஓடும்’ என்று படித்தேன். தேர்வுக்கு அப்படியே எழுதலாமா?
போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, ஆத்தூர்

நல்ல கேள்வி. பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த லூனா லியோபோல்ட், ஆறுகளின் நீரோட்ட அளவீடுகளை வைத்து 1953இல் இதைச் சரிபார்த்தார். கீழே போகப் போக ஆற்றின் சராசரி வேகம் குறைவதில்லை, பெரும்பாலும் சற்றே கூடவும் செய்கிறது என்று அவர் காட்டியபோது பலருக்கு வியப்பாகத்தான் இருந்தது.

காரணம் இதுதான். மலை ஓடையில் தண்ணீர் குறைவு, ஆழமில்லை, அடியெல்லாம் கரடுமுரடான கல். நுரைத்துத் தெறித்து, கல்லில் மோதி, பின்னால் திரும்பிச் சுழன்று, தன் பலத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறது. நம் கண்ணில் படுவது அந்த நுரைதான். சமவெளியில் சரிவு குறைந்தாலும், துணையாறுகள் சேர்ந்து தண்ணீர் பெருகுகிறது, ஆழம் கூடுகிறது, அடி மணலாகி வழவழப்பாகிறது. உராய்வு குறைவதால் ஆறு சத்தமே இல்லாமல் வேகமாகப் போகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில், அமைதியாகத் தெரிகிறதே என்று காவிரியில் இறங்கி அடித்துச் செல்லப்பட்டவர்கள் எத்தனை பேர்! அதனால்தான் இதை வெறும் தேர்வு விஷயமாக நான் நினைப்பதில்லை.

தேர்வில் ‘சரிவு மலையில் அதிகம், சமவெளியில் குறைவு’ என்று எழுதுங்கள். அது எங்கேயும் தப்பாகாது. இளநிலையில் அடியை ஆழமாக வெட்டும், முதிர்ச்சி நிலையில் பக்கவாட்டில் அகலும், மூப்பு நிலையில் படியவைக்கும் என்ற பாடமும் மொத்தத்தில் சரிதான். ஒரே ஒரு திருத்தம்: வெட்டுவது, சுமப்பது, படியவைப்பது மூன்றும் ஆற்றின் எல்லா இடத்திலும் நடக்கின்றன. எங்கே எது ஓங்கியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

பரமத்திவேலூர் பக்கம் காவிரிக் கரையில் எங்கள் வாழைத் தோட்டம். எங்கள் கரை வருடா வருடம் இடிகிறது. எதிர்க்கரையில் மணல் திட்டு வளர்கிறது. எங்கள் மண்ணைத்தான் ஆறு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடுகிறதா? தடுக்க வழி உண்டா?
விவசாயி, நாமக்கல் மாவட்டம்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. குலை தள்ளிய வாழை கரையோடு சரிவதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். உங்கள் தோட்டம் ஆற்று வளைவின் வெளிப்பக்கம் இருக்கிறது என்று கடிதத்திலிருந்தே புரிகிறது. அங்கே நடப்பதை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை டீத்தூள் போட்டு, அது ஊறி அடியில் இறங்கியதும் ஸ்பூனால் வேகமாகச் சுற்றிவிட்டு, ஸ்பூனை எடுத்துவிடுங்கள். சுற்றும் வேகத்தில் தூள் ஓரத்துக்கு ஒதுங்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அது அடியில், நட்ட நடுவில் வந்து குவியும். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1926இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த டீக்கோப்பையை வைத்துத்தான் ஆற்று வளைவுகளை விளக்கினார். மேலே இருக்கும் தண்ணீர் வேகமாகச் சுற்றுவதால் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. அடியில் இருக்கும் தண்ணீர் டம்ளரின் அடியோடு உராய்ந்து வேகம் இழப்பதால், அதே அளவு வெளியே தள்ளப்படுவதில்லை. வெளியே போன தண்ணீர் சுவரோரம் கீழே இறங்கி, அடி வழியாக நடுவுக்குத் திரும்புகிறது. திரும்பும்போது தூளையும் வாரிக்கொண்டு வருகிறது.

ஆற்று வளைவிலும் இதேதான். மேல்மட்டத் தண்ணீர் உங்கள் கரையில் வந்து மோதி, கீழே இறங்கி, கரையின் அடியைத் தோண்டி, அடித்தளத்து மணலோடு எதிர்ப்பக்கம் போகிறது. ஆகவே கரை மேலிருந்து இடிவதில்லை. முதலில் அடிவயிறு குடைபடுகிறது, பிறகு மேல்மண் ஆதரவில்லாமல் பிளந்து விழுகிறது. வெள்ளம் வடிந்து சில நாள் கழித்துத்தான் கரை அதிகமாக இடிகிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஈரம் ஊறிய மண்ணின் கனம் கூடியிருக்கும், தாங்கி நின்ற வெள்ளமும் கீழே இறங்கியிருக்கும்.

எதிர்க்கரைத் திட்டில் சேர்வது எல்லாம் உங்கள் மண்தான் என்று எண்ண வேண்டாம். உங்களிடம் எடுத்ததில் பெரும்பகுதியை ஆறு கீழ்ப்பக்கம் கொண்டுபோய் அடுத்த வளைவின் உட்பக்கம் போடும். எதிரே வளரும் திட்டு உங்களுக்கு மேலே உள்ள வளைவிலிருந்து வந்தது. எதிர்க்கரைக்காரரோடு மனஸ்தாபம் வேண்டாம்.

வளைவுகள் ஏனோதானோ என்று அமைவதும் இல்லை. சமவெளி ஆறுகளில் ஒரு முழு வளைவின் நீளம் பெரும்பாலும் ஆற்றின் அகலத்தைப்போல 10 முதல் 14 மடங்கு இருக்கும். சின்ன வாய்க்காலானாலும் பெரிய நதியானாலும் இந்தக் கணக்கு ஏறத்தாழ ஒத்துவரும். வளைவு முற்றி, இரண்டு வெளிக்கரைகளும் நெருங்கிவிட்டால், ஒரு வெள்ளத்தில் ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போய்விடும். கைவிடப்பட்ட பழைய வளைவைத்தான் குருட்டு ஆறு என்கிறோம்.

தடுக்கும் வழியைப் பற்றிக் கேட்டீர்கள். கரையின் மேலே மண்மூட்டை அடுக்குவதில் காசுதான் வீண், ஏனென்றால் அடி காலியாகிக்கொண்டே இருக்கும். கல் பதிப்பதானால் ஆற்றின் தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் கீழே, கரையின் பாதத்திலிருந்து தொடங்க வேண்டும். மேல் சரிவைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக்கி, மூங்கிலும் வெட்டிவேரும் நாணலும் நட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும். கரை விளிம்புவரை வாழை வைக்காதீர்கள். வாழைக்கு ஆழ வேர் கிடையாது. இதைத் தனியாகச் செய்தால் ஆற்றின் முழு வேகமும் பக்கத்துத் தோட்டத்தில் போய் மோதும். ஆகவே நீர்வளத் துறைக்கு மனு கொடுக்கும்போது, வளைவு முழுக்க உள்ள பட்டாதாரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்குக் கீழ்ப்பக்கம் ஆற்றுமணல் அள்ளுகிறார்களா என்றும் பாருங்கள். கீழே பள்ளம் விழுந்தால், அந்தப் பள்ளத்தின் மேல்விளிம்பு வெள்ளத்துக்கு வெள்ளம் மேற்கே ஏறி வரும், உங்கள் பக்கம் ஆற்றின் அடிமட்டம் இறங்கும், கரை இன்னும் உயரமாகவும் செங்குத்தாகவும் ஆகும். கிணற்றில் தண்ணீர் இறங்குவதும் அதோடு சேர்ந்ததுதான்.

மேட்டூர் அணையில் வண்டல் சேர்ந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்கிறார்கள். அணைக்குள் சேர்ந்தால் அணைக்குத்தானே நஷ்டம்? ஆற்றுக்கு என்ன?
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், மேட்டூர்

சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே காவிரி மலையை விட்டு வெளியே வரும் வாசலில், 1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணை உங்களுடையது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று ஊரில் குழந்தைகூடச் சொல்லும். அது கட்டும்போது இருந்த கணக்கு. ஓடி வந்த ஆறு தேங்கிய தண்ணீரைத் தொட்டதும் வேகம் போய்விடுகிறது. கனமான கல்லும் பருமணலும் நீர்த்தேக்கத்தின் மேல்முனையிலேயே இறங்கிவிடுகின்றன. மென்மணல் இன்னும் கொஞ்சம் உள்ளே வருகிறது. களிமண்தான் அணைச் சுவர் பக்கம்வரை வருகிறது. தண்ணீர் இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும்போது, சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் அந்த மண்ணில் விவசாயிகள் உடனே விதை போட்டுவிடுகிறார்கள். குடகிலிருந்தும் மைசூர் பீடபூமியிலிருந்தும் தருமபுரிக் காடுகளிலிருந்தும் வந்த மண்ணாயிற்றே, விளையாமல் என்ன செய்யும்? 2017 வறட்சியில் தூர்வாரும் வேலை தொடங்கியபோது வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ள அனுமதித்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். அந்த மண் போய்ச் சேர வேண்டிய இடம் வயல்தான்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். அணையின் மதகிலிருந்து இறங்குவது சுமையை இறக்கிவிட்ட தண்ணீர். பலம் அப்படியே இருக்கிறது, சுமக்க மண் இல்லை. அதனால் கீழே உள்ள படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. உலகம் முழுக்கப் பெரிய அணைகளுக்குக் கீழே ஆற்றின் அடி இறங்குவதும், மணல் போய்க் கல்லாக மிஞ்சுவதும் இதனால்தான். மேட்டூருக்குக் கீழே கதவணைகள் வேறு வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது. போன பதிலில் நாமக்கல் விவசாயி கேட்டதற்கும், அடுத்து வரும் குழந்தை கேட்டிருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். அணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான் நானும். அணையின் வரவு செலவில் தண்ணீரைப் போலவே மண்ணுக்கும் கணக்கு எழுத வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

டீச்சர், பூம்புகாருக்குச் சுற்றுலா போனோம். அவ்வளவு பெரிய காவிரி அங்கே வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. மீதி எங்கே போச்சு? அது கொண்டுவந்த மண் எங்கே?
ஏழாம் வகுப்பு மாணவி, அம்மாபேட்டை

கண்ணு, நீ தஞ்சாவூர் வழியாகப் போயிருந்தால், மீதிக் காவிரியின் மேலேயேதான் பஸ்ஸில் போயிருக்கிறாய்! தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வயல்களில் இருப்பதெல்லாம் காவிரி சுமந்துவந்து போட்ட மண். கரூரைத் தாண்டியதும் ஆறு அகண்ட காவிரியாக விரிகிறது. திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதற்கப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைக்குக் கிளை பிரிந்து, வயலுக்கு வயல் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சியதைத்தான் நீ பூம்புகாரில் பார்த்தாய். பெருவெள்ளம் வந்தால் அதில் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொண்டுபோவது கொள்ளிடம்.

ஆறு ஏன் கிளை பிரிகிறது தெரியுமா? சரிவு குறைந்ததும் சுமையை இறக்குகிறது. இறக்கிய மண் தன் பாதையையே மேடாக்குகிறது. பிறகு எந்தப் பக்கம் பள்ளமோ அங்கே பாய்கிறது. 1830களில் கொள்ளிடம் பள்ளமாகவும் சரிவாகவும் இருந்ததால் தண்ணீர் எல்லாம் அங்கேயே போக, காவிரியில் மணல் ஏறி, தஞ்சாவூர் வயல்கள் காயத் தொடங்கின. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். அதற்கும் வெகுகாலம் முன்பே கரிகாலன் கட்டிய கல்லணையும் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குச் சரிந்து போகாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

கடலோரத்தில் நடப்பதைப் பார்க்க ஒரு சோதனை செய். வயல் களிமண்ணைக் கரைத்து இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்று. ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் உப்புப் போட்டுக் கலக்கி, இரண்டையும் அசையாமல் வை. உப்புப் போட்டது முதலில் தெளியும். களித் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உப்பு அந்தத் தள்ளுதலைக் குறைத்துவிடும். உடனே துகள்கள் ஒட்டிக்கொண்டு கனமாகி மூழ்கும். ஆறு கடலைத் தொடும் இடத்தில் இதுதான் பெரிய அளவில் நடக்கிறது. அப்படிப் படிந்த சேற்றில்தான் கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு வேரூன்றி நிற்கிறது. மணலைக் கடல் அலை வாங்கிக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகும். ஆறு போதுமான மணல் கொடுக்காவிட்டால் அலை கரையைத்தான் எடுக்கும். பூம்புகாரில் கடலோரமாகப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருப்பதைப் பார்த்தாயா? அரிப்பைத் தாங்கத்தான் அது.

திருமணிமுத்தாறு இப்போது சாக்கடைதானே? அதை இன்னும் ஆறு என்று ஏன் எழுதுகிறீர்கள்?
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

ஏனென்றால் அது ஆறு. மலையில் கனமழை பெய்த இரவில் அது எவ்வளவு உயரம் வருகிறது என்று கரையோரக் குடித்தனக்காரர்களைக் கேளுங்கள். கழிவுநீரை விட்டது நாம், சுவருக்கு நடுவே நெருக்கியதும் நாம். எந்த ஆற்றுக்கும் வெள்ளத்தில் பரவிக்கொள்ள இரண்டு பக்கமும் தாழ்ந்த நிலம் வேண்டும், அந்த நிலத்தை உண்டாக்கியதே அதன் பழைய வெள்ளங்கள்தான். அங்கே வீடு கட்டிவிட்டு, ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது என்கிறோம். சாக்கடை என்ற பெயர் நிலைத்துவிட்டால் மூடிப் போட்டுக் கடை கட்டவும் யாருக்கும் மனசு உறுத்தாது. அதனால் நான் ஆறு என்றுதான் எழுதுவேன்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஆற்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே நாளில் காட்ட முடியுமா?
அரசுப் பள்ளி ஆசிரியர், அயோத்தியாப்பட்டணம்

முடியும் சார். காவிரியைக் காட்ட முடியாது, திருமணிமுத்தாற்றைக் காட்டலாம். அதற்கும் பிறப்பு, நடு, முடிவு எல்லாம் இருக்கிறது. முடிவு கடலுக்குப் பதில் காவிரி, அவ்வளவுதான்.

காலையில் மலையில் ஏதாவது ஓர் ஓடையைக் காட்டுங்கள். பள்ளத்தாக்கு குறுகலாக, ‘வி’ வடிவத்தில் இருக்கும். அடியில் கூர்முனைக் கற்கள் கிடக்கும். பிறகு கன்னங்குறிச்சிக்கு இறங்கி, மூக்கனேரிக் கரையில் நிறுத்துங்கள். மலையைவிட்டு இறங்கிய ஓடை சுமையை எங்கே இறக்குகிறது, ஏரி அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று அங்கே சொல்ல வசதியாக இருக்கும். கோடையில் ஏரி வண்டலை வண்டி கட்டி வயலுக்கு அடித்த கதையை, பெரியவர்கள் யாராவது அகப்பட்டால் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நகரத்துக்குள் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் போதும், தண்ணீரைத் தொட விடாதீர்கள். மதியம் உத்தமசோழபுரம், மாலையில் நஞ்சை இடையாறு. அங்கே அகன்ற காவிரி மணலையும் காலையில் பார்த்த கல்லையும் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மலை ஓடையிலும் காவிரியிலும் கலங்கல் தண்ணீரை ஒவ்வொரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, எந்த இடம் என்று சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். குலுக்கி வைத்தால் மணல் சில நொடிகளில் இறங்கிவிடும், வண்டல் இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், களிமண் மறுநாள் வகுப்பு வரைக்கும் மிதக்கும். எது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொண்டால் ஓடையில் தண்ணீர் இருக்கும். முந்தின இரவு மலையில் மழை பெய்திருந்தால் மட்டும் ஓடைக்குள் யாரையும் இறக்காதீர்கள். சேலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை திடுமென்று வந்துவிடும். காவிரிக் கரையிலும் கணுக்காலுக்கு மேல் வேண்டாம். மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்று அன்றைய செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.